உட்கார்ந்து வாசித்த சக்கரவர்த்தி

பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியிருக்கிறீர்களா? வில்லியனூர், பாகூர் பக்கம் வளரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தரவே வேண்டியதில்லை. வாய்க்கால் ஓரத்துப் பூவரச மரத்தில் ஓர் இலையைப் பறிப்பீர்கள். காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, இலையை இறுக்கமாகச் சுருட்டுவீர்கள். ஒரு முனையை விரலால் நசுக்கித் தட்டையாக்கி, உதட்டில் வைத்து ஊதினால் போதும். பீ... என்று தெருவே திரும்பிப் பார்க்கும்!

அடுத்த முறை ஊதும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். சின்ன இலையில் குட்டையாக ஒரு பீப்பீ, பெரிய இலையில் நீளமாக ஒரு பீப்பீ என இரண்டு செய்யுங்கள். குட்டைப் பீப்பீ கீச்சென்று கத்தும். நீளமானது சற்றுத் தணிந்த குரலில் பேசும். இந்த ரகசியத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நாம் பார்க்கப் போகும் மனிதரின் கதையில் இதற்கு ஒரு முக்கியமான இடம் உண்டு.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? புதுச்சேரி ஆளுநரும் முதல்வரும் வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைக்கும் தேர் அது. தேர் அசைவதற்கு முன்பே நம் காதில் விழுவது எது? நாயனமும் தவிலும்தான். பாகூர் மூலநாதர் கோயிலிலும் அப்படித்தான். உங்கள் வீட்டுக் கல்யாணத்திலும், தாலி கட்டும் நேரத்தில் கெட்டி மேளத்தோடு முழங்குவது அதே நாயனம்தான். இதை நாகசுரம் என்றும், நாதசுவரம் என்றும் சொல்வார்கள்.

இன்று நீங்கள் கேட்கும் நாயனத்தின் ஓசையிலும், அதை வாசிப்பவர் அமர்ந்திருக்கும் விதத்திலும், ஏன், அவர் போட்டிருக்கும் சட்டையிலும்கூட ஒருவருடைய கை இருக்கிறது. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவர்தான் நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. வாருங்கள், அவருடைய கதையைத் தெரிந்து கொள்வோம்.

பாட்டில் தொடங்கிய பையன்

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் திருமருகல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1898-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி குப்புசாமிப் பிள்ளை, கோவிந்தம்மாள் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பாலசுப்பிரமணியம் என்று பெயர் வைத்தார்கள். பின்னால் உலகமே அறிந்த ராஜரத்தினம் என்ற பெயர் பிறகு வந்ததுதான்.

அவருடைய தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாகசுர வித்துவான். மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் இடையே உள்ள திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் வாசித்து வந்தார். பையனை அவரே தம் பிள்ளையாக எடுத்து வளர்த்தார். டி.என். என்ற எழுத்துகள் திருமருகல் நடேசன் என்பதைத்தான் குறிக்கின்றன. மாமாவின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் கடைசி வரை சுமந்தவர் அவர்.

நாயனக்காரர் வீட்டுப் பையன் ஆயிற்றே, முதல் நாளே நாயனத்தைக் கையில் கொடுத்திருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. முதலில் அவர் கற்றுக்கொண்டது வாய்ப்பாட்டு! திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் என்ற புகழ்பெற்ற பிடில் வித்துவானிடம் அவர் இசை பயின்றார். நாயனம் அதன் பிறகுதான் கைக்கு வந்தது.

இது ஏதோ சின்ன விஷயம் என்று நினைத்து விடாதீர்கள். பாடத் தெரிந்தவர் குழலை ஊதும்போது, விரல் மட்டும் ஓடுவதில்லை. மனதுக்குள் ஒரு குரல் பாடிக்கொண்டே போகிறது. விரலும் மூச்சும் அந்தக் குரலின் பின்னாலேயே போகின்றன. ராஜரத்தினம் பிள்ளை வாசித்தால் குழல் பாடுவது போல் இருக்கும் என்று அவரைக் கேட்டவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நின்றே வாசித்த காலம்

அந்தக் காலத்தில் நாகசுரம் வாசிப்பவர்களின் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும்.

சாமி ஊர்வலத்தில் விடிய விடிய நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். அது கோயில் வழக்கம், சரி. ஆனால் பணக்காரர் வீட்டுக் கல்யாணத்திலும் அவர்கள் நின்றுகொண்டேதான் வாசிக்க வேண்டும். மேல்சட்டை போடக் கூடாது. தோளில் துண்டு போடக் கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரோடும் சமமாக உட்கார வைக்க மாட்டார்கள். பாட்டுக்காரருக்கு மேடையும் கம்பளமும் கிடைக்கும். நாயனக்காரருக்குக் கிடைப்பதோ வாசற்படிதான்.

மங்கல வாத்தியம் என்று நாயனத்தைக் கும்பிட்டார்கள். அதை வாசித்தவரைத் தள்ளி நிறுத்தினார்கள். காரணம், அவர் பிறந்த சாதி. எவ்வளவு பெரிய முரண்பாடு பாருங்கள்!

எத்தனையோ மேதைகள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டே வாசித்தார்கள். ராஜரத்தினம் பிள்ளையோ பொறுக்கவில்லை. மற்ற வித்துவான்களைப் போல் மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்பதில் உறுதியாக நின்றார். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டுச் சட்டையும் கோட்டும் அணிந்தார். விரல்களில் வைர மோதிரங்கள் மின்னின. ஊர் ஊராகக் காரில் போய் இறங்கினார்.

இதைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். திமிர் பிடித்தவர் என்றார்கள். ஆனால் அவர் வாசிக்கத் தொடங்கியதும் அதே ஆட்கள் இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய நிபந்தனைகளை மறுக்க முடியாதபடி அவருடைய வாசிப்பு இருந்தது. உரிமையைக் கேட்பதற்கு அவரிடம் இருந்த ஆயுதம் அந்த நாயனம்தான்!

அவரிடம் குறைகளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முன்கோபம் உண்டு. சம்பாதித்த பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார். நாம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அவற்றை அல்ல. தன் கலைக்கும் தன்னைப் போன்ற கலைஞர்களுக்கும் உரிய மரியாதையை விட்டுக் கொடுக்காத அந்த நெஞ்சுரத்தைத்தான்.

நீளமான பீப்பீயின் ரகசியம்

இப்போது நம் பூவரசம் பீப்பீக்குத் திரும்புவோமா?

நாயனத்தின் வாய்ப் பக்கம் தட்டையாக ஒரு சின்னப் பொருள் செருகியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் பெயர் சீவாளி. நாணல் தட்டையிலிருந்து செய்வார்கள். பூவரசம் இலையின் முனையை நசுக்கித் தட்டையாக்கினீர்கள் அல்லவா, அதே வேலையைத்தான் சீவாளியும் செய்கிறது. ஊதும்போது அதன் இரண்டு பக்கங்களும் வேகமாக அதிர்கின்றன. அந்த அதிர்வு மரக்குழலுக்குள் புகுந்து, அணைசு என்னும் வாய் அகன்ற அடிப்பகுதி வழியாக வெளியே முழங்குகிறது. குழலில் விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள் உண்டு. அவற்றுக்குக் கீழே உள்ள துளைகளில் விரல் படாது.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் புழங்கியது திமிரி நாயனம். குட்டையானது. குட்டைப் பீப்பீ என்ன செய்யும்? கீச்சென்று உயர்ந்த குரலில் ஒலிக்கும். தெருக்கோடி வரை கேட்க வேண்டிய ஊர்வலத்துக்கு அது பொருத்தம்தான். ஆனால் மேடையில் உட்கார்ந்து, நிதானமாக ஒரு ராகத்தை விரித்து வாசிக்க அத்தனை உயர்ந்த ஓசை ஒத்து வராது. பக்கத்தில் இருந்து கேட்பவர்களுக்கும் காது வலிக்கும்.

ராஜரத்தினம் பிள்ளை யோசித்தார். குழலை நீளமாக்கினால் ஓசை தணியும், கனமும் கூடும். இதைத்தான் உங்கள் நீளமான பீப்பீயும் சொன்னது! திருவாவடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. நாயனம் செய்வதற்கே பேர் போன ஊர். அங்கே இருந்த ரங்கநாதன் ஆசாரி என்ற கைவினைஞர், ராஜரத்தினம் பிள்ளைக்காக மரத்தைக் கடைந்து கடைந்து பார்த்தார். துளைகளின் இடங்களை மாற்றி மாற்றி அமைத்தார். வாசிப்பவரின் காதும், செய்பவரின் கையும் சேர்ந்து உழைத்தன. அப்படி உருவானதுதான் பாரி நாயனம்.

நீளம் மட்டும் மாறவில்லை. ச ரி க ம என்று பாடும்போது வரும் ம என்ற சுரத்தில் இரண்டு வகை உண்டு. சுத்த மத்திமம், பிரதி மத்திமம் என்று அவற்றுக்குப் பெயர். பழைய நாயனத்தில் சுத்த மத்திமத்தைச் சரியாகக் கொண்டுவர வாசிப்பவர் மிகவும் சிரமப்பட வேண்டியிருந்தது. ஆசாரி செய்த புதிய நாயனத்தில் அது சிரமமில்லாமல் பேசியது.

நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில்தான் நாயனம் செய்கிறார்கள். அதுவும் புதிதாக வெட்டிய மரம் உதவாது. பழைய வீடுகளின் தூண், உத்தரம் போன்றவற்றிலிருந்து கிடைக்கும், நன்றாகக் காய்ந்து முற்றிய மரமே வேண்டும். எத்தனையோ ஆண்டுகள் ஒரு வீட்டைத் தாங்கிய மரம், பிறகு பாடத் தொடங்குகிறது! இந்த ஊரின் நாயனத்துக்கு 2022-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்னொரு மாற்றத்தையும் அவர் செய்தார். நாயனக் கோஷ்டியில் ஒத்து என்று ஒரு குழல் இருக்கும். அதில் பாட்டு வாசிக்க முடியாது. ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் உங்கள் வயதுப் பையன் ஒருவன்தான் கன்னம் வீங்க மணிக்கணக்கில் அதை ஊதுவான். யாராவது இன்னொருவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினால், ஒத்து ஊதுகிறான் என்று கேலி செய்கிறோமே, அந்தப் பேச்சு பிறந்தது இதிலிருந்துதான். ராஜரத்தினம் பிள்ளை ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைத் தம் மேடைக்குக் கொண்டு வந்தார். பாட்டுக் கச்சேரி மேடையைப் போலவே நாயனக் கச்சேரி மேடையும் ஆகிவிட்டது.

ஊரெல்லாம் தோடி

ராஜரத்தினம் பிள்ளை என்றாலே இசை தெரிந்தவர்கள் உடனே சொல்லும் ராகம் தோடி. நாயனத்தில் சாவிகள் கிடையாது. துளையை முழுதாக மூடாமல் பாதி மூடியும், கால்வாசி திறந்தும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும்தான் சுரங்களை அசைக்க வேண்டும். தோடி அப்படிப்பட்ட அசைவுகள் நிறைந்த ராகம். கொஞ்சம் தவறினாலும் வேறு எதுவோ ஆகிவிடும். அந்த ராகத்தை அவர் மணிக்கணக்கில் வாசிப்பார். திருவிழா இரவுகளில் அதைக் கேட்கப் பல மைல் தூரத்திலிருந்து மக்கள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

பிறகு கிராமபோன் இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஒலிக்கும். அந்தச் சின்ன இடத்துக்குள் தம் தோடியை அவர் அழகாக அடக்கினார். அந்த இசைத்தட்டு வீடு வீடாகப் போனது. கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாதவர்களும், மேடைக் கச்சேரிக்குச் சீட்டு வாங்க முடியாதவர்களும் டீக்கடை வாசலில் நின்று அவரைக் கேட்டார்கள்.

நம் புதுச்சேரிக்கும் அவருக்கும் ஓர் அழகான தொடர்பு உண்டு. 1940-ஆம் ஆண்டு ‘கவி காளமேகம்’ என்ற திரைப்படம் வெளியானது. அதில் கதாநாயகனாக, காளமேகப் புலவராக நடித்தவர் ராஜரத்தினம் பிள்ளை. கதை வசனமும் பாடல்களும் எழுதியவர் யார் தெரியுமா? புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த நம் பாவேந்தர் பாரதிதாசன்! இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் டங்கன்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி இந்தியா சுதந்திரத்துக்காகக் காத்திருந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லிக்குச் சென்ற குழுவில் ராஜரத்தினம் பிள்ளையும் இருந்தார். நேருவின் இல்லத்தில் அவருடைய நாயனம் ஒலித்தது. எந்த நாயனக்காரரை வாசலில் நிறுத்தினார்களோ, அவரே நாட்டின் முதல் பிரதமராகப் போகிறவரின் வீட்டில் மங்கல இசை வாசித்தார். அன்று நம் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தன. அந்த ஆட்சி நம்மை விட்டு விலகியது 1954 நவம்பர் 1-ஆம் தேதிதான்.

மறையாத மூச்சு

1956-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் தேதி ராஜரத்தினம் பிள்ளை சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. அந்த மூச்சு நின்றது. ஆனால் அவர் ஊதிய இசை நிற்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையின் காருகுறிச்சியில் 1921-ல் பிறந்த அருணாசலம், அவரிடம் சீடராக இருந்தவர். 1962-ல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், எஸ்.ஜானகி பாடிய புகழ்பெற்ற பாட்டுக்கு நாயனம் வாசித்தவர் இவர்தான். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் உடனே முணுமுணுத்துக் காட்டுவார்கள்.

ஆந்திராவில் 1924-ல் பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா. ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனதைப் பறிகொடுத்து, அந்தத் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றுக்கொள்ளவே தமிழ்நாட்டுக்கு வந்தார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே தங்கி, புகழ்பெற்ற மேதை ஆனார். நல்ல இசைக்கு மொழியும் மதமும் தடை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நாயனக்காரர்கள் மட்டுமல்ல, பாடகர்களும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஜி.என்.பாலசுப்பிரமணியம் என்ற பெரும் பாடகரின் மின்னல் வேகப் பாட்டில் ராஜரத்தினம் பிள்ளையின் நாயனம் எதிரொலித்தது. வாய்ப்பாட்டைக் கற்று நாயனத்துக்குக் கொண்டுபோனவர் அவர். அந்த நாயனத்தைக் கேட்டு வாய்ப்பாட்டு வளர்ந்தது. வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்!

இப்படி ஒரு வாத்தியத்தின் தலைவிதியையே மாற்றியவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், சக் பெரி என்ற கறுப்பினக் கலைஞர் மின் கிட்டாரைக் கையில் எடுத்தார். பாட்டுக்குப் பின்னால் தாளம் தட்டிக்கொண்டிருந்த அந்த வாத்தியத்தை, பாட்டுக்கு முன்னால் கொண்டுவந்து பேச வைத்தார். 1958-ல் வெளிவந்த அவருடைய பாட்டு ஒன்று, 1977-ல் விண்வெளிக்குப் போன வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் இருக்கிறது. இன்று கிட்டார் பழகும் பிள்ளைகள், அவர் பெயரை அறியாமலே அவருடைய விரல் வித்தைகளைப் பழகுகிறார்கள்.

நம் ஊர் நாயனத்திலும் இதே கதைதான். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறது. ஆனால் அவருடைய உண்மையான நினைவுச் சின்னத்தைப் பார்க்க நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் ஊர்க் கல்யாண மண்டபமே போதும். மேடையில் ஜமக்காளம் விரித்து, சட்டை அணிந்து, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு நாயனக்காரர் வாசிக்கிறாரே, அந்தக் காட்சிதான் அது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? மேடை கிடைத்துவிட்டது, நாற்காலியும் கிடைத்துவிட்டது. கேட்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். அவர் வாசிக்க வாசிக்க, எல்லாரும் பேசிக்கொண்டும், போனைப் பார்த்துக்கொண்டும், பந்திக்கு ஓடிக்கொண்டும் இருக்கிறார்கள். ராஜரத்தினம் பிள்ளை கேட்டது உட்காரும் இடத்தை மட்டுமா? மரியாதையையும்தானே? அதைக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

அடுத்த கல்யாணத்திலோ, வில்லியனூர் தேரிலோ நாயனம் கேட்டால் ஓர் ஐந்து நிமிடம் பக்கத்தில் போய் நில்லுங்கள். சீவாளியைப் பாருங்கள். பாதித் துளையை மூடும் அந்த விரலைப் பாருங்கள். கன்னத்தையும் மூச்சையும் கவனியுங்கள். வாசித்து முடித்ததும், அது என்ன ராகம் என்று வித்துவானிடம் கேளுங்கள். நிச்சயம் மகிழ்ந்து போய்ச் சொல்வார்.

ஒருவேளை அவர் சொல்லும் பெயர் தோடியாக இருந்தால், திருமருகலில் பிறந்த அந்தப் பையனை ஒரு நொடி நினைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பூவரச மரம் இருந்தால், பெரிய இலையாகப் பார்த்து ஒன்று பறித்து நீளமாகச் சுருட்டி ஊதுங்கள்!